சரிபார்க்க வருபவரை யார் சரிபார்ப்பது?

2019 மாசிப் பட்டத்து எள். விதைத்து 25 நாள் ஆகியிருந்தது. எங்கள் சித்தப்பா காட்டு வரப்பில், கையில் ஆய்வுப் படிவத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எள் நன்றாகத்தான் இருந்தது. வரப்புதான் சரியில்லை. கோரையும் அருகும் ஒரே சீராகப் பழுத்து, அடிவரைக்கும் காய்ந்து கிடந்தன. அரிவாள் பட்ட புல் இப்படிக் காயாது, சில நாளிலேயே துளிர்த்துவிடும். களைக்கொல்லி அடித்த வரப்பை ஒருமுறை பார்த்தவருக்கு அந்த நிறம் மறக்காது.

"சித்தப்பா, வரப்புக்கு ஏதாச்சும் அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வரப்புக்குத்தான் கண்ணு அடிச்சேன். காட்டுக்குள்ள ஒரு சொட்டு படல. ஆளு கெடைக்கல, என்ன பண்றது? பாம்பு வேற திரியுது."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பொய் சொல்லவும் வராது. பொய் எழுதியது நான்தான். படிவத்தில் களை மேலாண்மை என்ற கட்டத்தில் "கைக்களை" என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

இத்தனை வருஷம் கழித்து இதை எழுதக் காரணம் இருக்கிறது. சான்று வாங்குவது பற்றி நம் கூட்டங்களில் பேச்சு வந்தால் செலவைப் பேசுகிறோம், காகித வேலையைத் திட்டுகிறோம், "என் மண்ணுக்கு எவன் சான்று தர்றது?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்குகிறோம். நானும் அப்படிக் கேட்டவன்தான். ஆனால் சரிபார்க்க வருகிறாரே, அவர் எப்படிப்பட்டவர், அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், அவர் வேலையை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அந்தச் சங்கிலியின் அடிக் கண்ணி நான். அது இற்றுப்போனது எப்படி என்பதை நான்தானே சொல்ல வேண்டும்?

புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வரும் நண்பர்களுக்காக முறையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தனித்தனியாகச் சான்று வாங்கச் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது என்பதால் குழுச் சான்று வந்தது. எங்கள் குழுவில் அப்போது 144 பேர். குழுவுக்குள்ளேயே ஓர் உள் கட்டுப்பாட்டு முறை உண்டு. ஐ.சி.எஸ். என்று சொல்வார்கள். குழு தன்னிலிருந்தே சிலரை உள் ஆய்வாளராக வைக்கும். அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையாவது எல்லார் காட்டுக்கும் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். அதன்பிறகு சான்றளிப்பு நிறுவனத்திலிருந்து வெளி ஆய்வாளர் வருவார். அவர் எல்லார் காட்டையும் பார்க்க மாட்டார். அப்போது நடைமுறையில் இருந்தது வர்க்கமூலக் கணக்கு. 144 பேர் என்றால் 12 பேர். ஆபத்து அதிகம் என்று தோன்றினால் இன்னும் சிலரைக் கூட்டிக்கொள்வார். மீதி 132 பேர் காட்டுக்கு ஆதாரம் என்ன? உள் ஆய்வாளர் எழுதிய படிவம்தான். அதாவது நான் எழுதிய "கைக்களை".

அந்த வருஷம் வந்த வெளி ஆய்வாளர் நல்ல பையன். முதல் நாள் ஆறு காடு நடந்தார். மண்ணைக் கிளறினார், விதைக்கு பில் கேட்டார், பஞ்சகவ்யா டிரம்மைத் திறந்து மோந்து பார்த்தார், பக்கத்துக் காட்டு மருந்துச் சாரல் நம் பயிரில் விழாமலிருக்க எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறோம் என்று அடி போட்டு அளந்தார். இரண்டாம் நாள் வெயில். டீக்கடை வேப்பமரத்தடியில் ஃபைல்களை வைத்துப் பார்த்தார். நாலு மணிக்கு அவருக்கு பஸ். "மத்ததெல்லாம் இதே மாதிரிதானுங்களே?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன். சித்தப்பா காடு அந்தப் பன்னிரண்டில் இல்லை. சான்று வந்தது. அந்த வருஷ எள்ளுக்கு வெளி விலையைவிட நல்ல விலையே கிடைத்தது. ஒரு வரப்பு காய்ந்ததால் என்ன கெட்டுப்போச்சு என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

எள் திரும்பி வந்த கதை

2020 செப்டம்பரில் பெல்ஜியத்திலிருந்து ஒரு தகவல். இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருக்கிறது என்றார்கள். இது நாம் காட்டில் அடிக்கும் மருந்தே இல்லை. அறுவடைக்குப் பிறகு, சரக்கில் சால்மோனெல்லா போன்ற கிருமி இருக்கக்கூடாது என்று கிடங்கில் செலுத்தும் வாயு. ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொருளுக்கு அது கூடாது. எள்ளில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் தாண்டினாலே தள்ளுபடி. அந்த அக்டோபரிலேயே, இந்தியாவிலிருந்து வரும் எள்ளில் இரண்டு சரக்குக்கு ஒன்றைப் பிடித்துச் சோதிக்க உத்தரவு போட்டார்கள். இயற்கை எள் என்று சான்று ஒட்டிய சரக்கிலும் அது அகப்பட்டது.

இதில் உழவன் செய்த தப்பு எதுவுமில்லை. ஆனால் அடி விழுந்தது உழவனுக்கும்தான். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் இயங்கிய ஐந்து சான்றளிப்பு நிறுவனங்களின் சான்றை ஏற்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்தது. அந்த நிறுவனங்களின் கீழ் இருந்த குழுக்கள் எல்லாம், எள் பயிரிடாதவர்கள் உட்பட, வேறு நிறுவனம் தேடி ஓடினார்கள். எங்கள் நிறுவனம் அந்த ஐந்தில் இல்லை. இருந்தும் வியாபாரி டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் மூட்டையைத் தொடமாட்டேன் என்றார். இரண்டு பட்டம் எங்கள் எள் சாதா எள்ளாகத்தான் போனது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. நம் நாட்டில் சான்றளிப்பு நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருவது தேசிய அங்கீகார அமைப்பு. அதன் வேலைகளைக் கவனிப்பது மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இருக்கும் அபேடா. தேசிய உயிர்ம உற்பத்தித் திட்டம், அதாவது என்.பி.ஓ.பி., இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. அரசுத் துறைக்குக்கூட இதில் விலக்கு கிடையாது. கோயம்புத்தூரில் 2007-இல் தொடங்கிய நம் தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையும் இந்த அங்கீகாரம் வாங்கித்தான் சான்று தருகிறது. அபேடா அங்கீகரித்தால் போதும், நாங்களும் ஏற்கிறோம் என்று இருந்த ஏற்பாட்டை 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை முடித்துக்கொண்டது. 18 மாதம் அவகாசம் தந்தார்கள். அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் அமெரிக்காவிடம் நேரடியாக அங்கீகாரம் வாங்க வேண்டியதாயிற்று.

கவனித்தீர்களா? உழவனை நான் பார்க்கிறேன். என்னைச் சான்றளிப்பு நிறுவனம் பார்க்கிறது. அதை அங்கீகார அமைப்பு பார்க்கிறது. அந்த அமைப்பை வாங்கும் நாடு பார்க்கிறது. உச்சியில் நம்பிக்கை போனபோது அடியில் இருந்தவன் விலை போனது. அப்படியானால் அடியில் ஒருவன் "கைக்களை" என்று எழுதினால் உச்சிக்கு என்ன போகும்? அந்த இரண்டு பட்டமும் ராத்திரியில் எனக்கு இந்தக் கணக்குதான் ஓடியது.

திருப்பூர் நண்பர் சொன்னது

என்கூடப் படித்த ஒருவர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவைப் பார்க்கிறார். அவர்களிடம் ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சூழல் மேலாண்மைச் சான்று இருக்கிறது. 1996-இல் வந்த உலகத்தரம் அது. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, விரும்பினால் வாங்கலாம். நொய்யல் ஓரத்துக்காரனான எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது. சாயத்தண்ணி நின்ற ஒரத்துப்பாளையம் அணையைப் பார்த்து வளர்ந்தவன் நான். சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத நிலை வரும்வரை சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. "காகிதத்தால ஆறு சுத்தமாகுமா மாப்ள?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "காகிதத்துல ரெண்டு வகை இருக்கு மச்சான். ஒண்ணு, பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டறது. இன்னொண்ணு, ஊருக்கு முன்னால விரிச்சு வெக்கறது" என்றார். பிறகு ஐரோப்பாவில் இருக்கும் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். ஈமாஸ் என்று பெயர். 1993-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகக் கொண்டுவந்தது, 1995-இலிருந்து தொழிற்சாலைகள் சேர முடிந்தது, 2001-இல் எல்லா வகை அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகராட்சி, யாரும் சேரலாம். இதுவும் விருப்பப்பட்டு வருவதுதான்.

ஐ.எஸ்.ஓ.வுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. வாங்கிய கம்பெனி தன் கணக்கை வெளியே காட்ட வேண்டிய அவசியமில்லை. ஈமாஸில் சேர்ந்தவர் சூழல் அறிக்கை ஒன்றைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டே ஆகவேண்டும். எரிசக்தி எவ்வளவு, மூலப்பொருள் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, குப்பை எவ்வளவு, எவ்வளவு நிலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறோம், காற்றில் எதை விட்டோம் என்று எண்ணோடு எழுத வேண்டும். போன வருஷத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்பதும் அதில் தெரியும். அந்த அறிக்கையை ஒரு சரிபார்ப்பாளர் நேரில் வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பதிவு கிடைக்கும்.

அந்தச் சரிபார்ப்பாளர் விஷயம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நினைத்தவரெல்லாம் சரிபார்ப்பாளர் ஆக முடியாது. எந்தத் தொழிலுக்கு அனுமதி பெற்றிருக்கிறாரோ அந்தத் தொழிலைத்தான் பார்க்கலாம். துணி ஆலைக்கு அனுமதி உள்ளவர் பால் பண்ணைக்குள் நுழைய முடியாது. ஜெர்மனியில் இவர்களுக்கு அனுமதி தரவும் கண்காணிக்கவும் பான் நகரத்தில் தனியாகவே ஓர் அமைப்பு இருக்கிறது. 24 மாதத்துக்கு ஒருமுறையாவது சரிபார்ப்பாளரின் வேலையை மேற்பார்வை செய்ய வேண்டும் என்பது சட்டம். அவர் ஆலையில் ஆய்வு செய்யும்போது கூடவே போய் நின்று பார்ப்பதும் அந்த மேற்பார்வையில் ஒரு வழி. யாருடைய கணக்கைப் பார்க்கிறாரோ அவரோடு கொடுக்கல் வாங்கல், பங்கு, வேறு வியாபாரம் எதுவும் இருக்கக்கூடாது.

"ஆனா கூலி தர்றது ஆலைக்காரன்தானே?" என்று கேட்டேன்.

"அதான் மச்சான் இதுல இருக்கற முடிச்சு. உலகம் பூரா அப்படித்தான். பார்க்கப்படறவன்தான் பார்க்கறவனுக்குக் காசு தர்றான். அதனாலதான் பார்க்கறவன் மேல இன்னொருத்தன் உக்காரணும், அறிக்கையை ஊரே படிக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லைன்னாலும் அது வெறும் ரசீது."

நம் நாட்டிலும் ஐ.எஸ்.ஓ. சான்று தருபவர்களுக்கு அங்கீகாரம் தர இந்தியத் தர கவுன்சிலின் கீழ் என்.ஏ.பி.சி.பி. என்ற வாரியம் இருக்கிறது. எந்த அங்கீகாரமும் இல்லாமல் அச்சடித்துத் தரும் கடைகளும் இருக்கின்றனவாம். சான்றிதழின் மூலையில் அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று முதலில் பார், கம்பெனி பேரை அப்புறம் பார் என்றார். நம் உயிர்மச் சான்றுக்கும் இது பொருந்தும். எந்தெந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்ற பட்டியலை அபேடா வெளியிடுகிறது. கையெழுத்துப் போடுமுன் அதைப் பார்த்த உழவர் எத்தனை பேர்? எங்கள் 144 பேரில் ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான்.

கூட்டத்தில் சொன்னேன்

2021 ஆடியில் நடந்த குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சித்தப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய், நாளைக்கு இப்படிச் சொல்லப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். சித்திதான் பதில் பேசினார். "சொந்தக்காரனே காட்டிக்குடுத்தா ஊர்ல எப்படித் தலை நிமுந்து நடக்கறது?" சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மோர் மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

தடை செய்த பொருளைப் பயன்படுத்திய நிலம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன்னால் இரண்டு வருஷம் மாறும் காலம். பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னால் மூன்று வருஷம். அவருடைய இரண்டேகால் ஏக்கர் பட்டியலிலிருந்து இறங்கியது. உள் ஆய்வாளர் வேலையை நானும் விட்டேன். குழு இதைச் சான்றளிப்பு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தது. அவர்கள் எங்களைத் தூக்கிவிடுவார்கள் என்று பயந்தோம். கூடுதலாக ஒரு ஆய்வு வைத்தார்கள், செலவு எங்கள் தலையில். ஆனால் வந்த மூத்த ஆய்வாளர் அம்மா ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "தப்பு நடந்தது இருக்கட்டுங்க. சித்தப்பா காட்டைப் பார்க்க மகனை அனுப்பினது யாரு?"

அங்கேதான் குறையே. உறவுக்காரர், கடன் கொடுத்தவர், பங்காளி, இவர்கள் காட்டைத் தானே ஆய்வு செய்யமாட்டேன் என்று உள் ஆய்வாளர் எழுதித்தர வேண்டும். எங்கள் ஃபைலில் அந்தத் தாள் இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தோம், யாரும் படிக்கவில்லை. நம் ஊரில் யார்தான் உறவுக்காரர் இல்லை என்று கேட்கலாம். அதனால் ஊரை மாற்றிக்கொண்டோம். எங்கள் ஊர்க் காட்டை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள் பார்ப்பார், அவர்கள் காட்டை இங்கிருந்து போகிறவர் பார்ப்பார். பெட்ரோல் செலவு கூடியது உண்மை.

திருப்பூர்க்காரர் சொன்ன இன்னொன்றையும் செய்தோம். ஆய்வு முடிந்ததும் யார் காட்டில் என்ன குறை, எப்போது சரிசெய்ய வேண்டும் என்பதைச் சங்கக் கட்டடத்துப் பலகையில் எழுதிப்போடுகிறோம். முதல் வருஷம் ஒரே சண்டை. "என் பேரை எதுக்குடா சுவத்துல எழுதற?" என்று ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். குறையைச் சரிசெய்ததும் அதையும் அதே பலகையில் எழுதினோம். அதன்பிறகு சத்தம் குறைந்தது, முழுக்க நிற்கவில்லை.

உள்ளூரிலேயே விற்கிறோம், இவ்வளவு வம்பு எதற்கு என்று நினைக்கும் நண்பர்களுக்குப் பங்கேற்பு உத்தரவாத முறை இருக்கிறது. பி.ஜி.எஸ். என்பார்கள், மத்திய அரசு 2011-இல் தொடங்கியது. ஐந்து பேர் சேர்ந்தாலே குழு, ஒருவர் காட்டை மற்றவர் பார்ப்பது. மாறும் காலத்தில் பச்சை முத்திரை, முழுதாக மாறியபின் உயிர்ம முத்திரை. செலவு மிகக் குறைவு. ஏற்றுமதிக்கு உதவாது. எனக்கு அந்த முறை பிடிக்கும். ஆனால் எச்சரிக்கையாக ஒன்று சொல்வேன். ஐந்து பேரும் மாமன் மச்சானாக இருந்தால் என் "கைக்களை" அங்கே இன்னும் சுலபமாக எழுதப்படும்.

ஏற்றுமதிக் குழுவில் சேருகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். சான்று யார் பெயரில்? பல இடங்களில் வியாபாரி பணம் கட்டுவார், சான்று அவர் பெயரில் இருக்கும். அப்புறம் உங்கள் சரக்கை இயற்கைச் சரக்கு என்று வேறு ஆளிடம் விற்க உங்களால் முடியாது. 2025 ஜனவரியில் வந்த என்.பி.ஓ.பி. எட்டாம் பதிப்பு உழவர் குழுவுக்கே சட்டப்படியான நிலையைக் கொடுக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டப்படி குழு நம்முடையது என்றால் குழுவில் நடக்கும் பொய்யும் நம் பெயரில்தான் வரும்.

சித்தப்பா காடு 2024 மாசிப் பட்டத்தில் மறுபடி பட்டியலில் ஏறியது. வரப்பில் இப்போது அகத்தியும் துவரையும் நிற்கின்றன. புல்லை வெள்ளாடு பார்த்துக்கொள்கிறது. பாம்பு இன்னும் திரிகிறது. போன மாதம் ஆய்வுக்கு முந்தின நாள் அவர் ஃபோன் பண்ணினார்.

"கண்ணு, நாளைக்கு யாரு வர்றாங்க?"

"ஆத்துக்கு அந்தப்பக்கத்து அக்கா சித்தப்பா. போன தடவ வந்தாங்களே, அவங்கதான்."

"அந்தப் புள்ளையா? அது ஆட்டுப்பட்டிக்குள்ளயெல்லாம் புகுந்து பாக்குமே" என்றார். பிறகு சித்தியைக் கூப்பிட்டு, டைரி எங்கே வைத்தோம் என்று தேடச் சொல்வது கேட்டது.